மூச்சு வாங்கிய கர்ணன்: தொடர் படமெடுப்பு முறை பற்றிக் கொஞ்சம் விமர்சனம்

என்னுடைய கூத்துப் படங்கள் இருக்கிற ஹார்டு டிஸ்கில் 2012 வைகாசி என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் 0837க்கு அடுத்த படம் 0851. நடுவில் 13 எண்கள் இல்லை. அந்த 13 படங்களையும் அழித்தது நான்தான். ஏன் அழித்தேன், அழித்ததில் என்ன போச்சு என்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் கேமராவின் தொடர் படமெடுப்பு முறை, அதாவது பர்ஸ்ட் மோட், எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அது புரியாமல் குறை சொல்வது நியாயம் இல்லை.

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, ராத்திரி கர்ண மோட்சம் கூத்து. கர்ணன் வேஷம் கட்டியவர் அந்த ஜமாவின் வாத்தியார். அப்பவே அறுபதைத் தாண்டியவர். நான் கொண்டுபோனது சட்டைப் பையில் போடுகிற சின்ன டிஜிட்டல் கேமரா. கம்பெனி பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லா கம்பெனி கேமராவும் ஏறக்குறைய ஒரே லட்சணம்தான். திரை விலகி கர்ணன் ஆட ஆரம்பித்ததும் தொடர் முறையில் போட்டு பட்டனை அமுக்கினேன். சுமார் 10 நொடி விரலை எடுக்கவே இல்லை. 14 படம் விழுந்தது.

மறுநாள் லேப்டாப்பில் பார்த்தால் 13 படம் கலங்கல். கை ஒரு இழுப்பு, புஜக்கட்டை ஒரு இழுப்பு, முகம் எங்கே என்றே தெரியாது. கடைசிப் படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மார்பு நிமிர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண் தூரத்தைப் பார்க்கிறது. கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டு வரைக்கும் எண்ணலாம். மிச்சத்தை அழித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டேன். 'போருக்குத் தயாராகும் கர்ணன்' என்று தலைப்பும் போட்டேன்.

அடுத்த வருஷம் அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு வாத்தியாரிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது ஆட்டம் இல்லீங்களே. ஆட்டம் முடிஞ்சு நின்னு மூச்சு வாங்கறேன். பாருங்க, வாயைத் தொறந்திருக்கேன்."

ஆடுன படம் ஏதாச்சும் இருக்கா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் அதேதான்.

சரி, இப்போது கேமராவுக்கு வருவோம்.

தொடர் முறையைப் பற்றி எல்லாருக்கும் இருக்கிற முதல் தப்பெண்ணம், அது வேகமாக அசையும் பொருளைத் தெளிவாக எடுக்கும் என்பது. எடுக்காது. ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பது வேறு, ஒரு படத்துக்கு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு. ட்யூப் லைட் வெளிச்சத்தில் சின்ன சென்சார் கேமரா ஷட்டரை 1/30 நொடிக்குத் திறந்து வைக்கும் என்று வையுங்கள். ஆடுகிறவரின் கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், அந்த நேரத்துக்குள் கை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நொடிக்கு 2 படம் எடுத்தாலும் 20 படம் எடுத்தாலும் ஒவ்வொரு படத்திலும் அந்த 10 சென்டிமீட்டர் இழுப்பு இருக்கும். தொடர் முறை தருவது தெளிவு அல்ல, கூடுதல் வாய்ப்பு மட்டும்தான்.

இரண்டாவது, கேமராவும் கார்டும் நடுவில் போடுகிற சண்டை. என் கேமராவில் ஒரு படம் சுமார் 4 எம்பி. நொடிக்கு 2 படம் என்றால் 8 எம்பி. நான் போட்டிருந்தது கிளாஸ் 4 கார்டு. அதற்கு உத்தரவாதம் நொடிக்கு 4 எம்பிதான். மிச்சமெல்லாம் பஃபரில் போய் வரிசையில் நிற்கும். பஃபர் நிறைந்ததும் கேமரா திணற ஆரம்பிக்கும், நொடிக்கு 2 படம் என்பது ஒன்றாகிவிடும். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் கேமரா சோர்ந்துபோகும். கார்டு வாங்கும்போது ஜிபி மட்டும் பார்த்து வாங்கியது என் முட்டாள்தனம்.

மூன்றாவது, நிறைய சின்ன கேமராக்களில் முதல் படத்துக்கு எடுத்த ஃபோகஸும் வெளிச்ச அளவும் அப்படியே கடைசி வரைக்கும் பூட்டிக்கொள்ளும். சென்சார் சின்னது என்பதால் ஃபோகஸ் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வெளிச்சம் சமாளிக்காது. நிழலில் ஆரம்பித்து ஆட்டக்காரர் ஃபோகஸ் லைட்டுக்கு முன்னால் வந்துவிட்டால் முகத்து அரிதாரம் முழுக்க வெள்ளைத் திட்டாகிவிடும்.

நாலாவதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாக. எங்கள் வேலையில் இதற்கு அலையாசிங் என்று பெயர். பழைய சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க, அதே விஷயம். ஒரு அசைவு அரை நொடிக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது, கேமராவும் சரியாக அரை நொடிக்கு ஒரு படம் எடுக்கிறது என்றால் என்ன ஆகும்? எல்லாப் படத்திலும் ஆட்டக்காரர் ஒரே நிலையில்தான் இருப்பார். பத்துப் படம் எடுத்த மாதிரி இருக்கும், உண்மையில் எடுத்தது ஒரே படம்தான். தாளம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தால் நடக்காத ஒரு மெதுவான அசைவு நடப்பது போலக் காட்டும். ஒரு அசைவை நம்பும்படி பதிய வேண்டுமென்றால், அது திரும்ப வருகிற வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது காலேஜில் எல்லாரும் படித்த பாடம். மிருதங்கத்துக்குக் கட்டுப்பட்டு ஆடுகிற ஒரு கலையை நொடிக்கு 2 படத்தில் பிடிக்கப் போனவன், அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன்.

இதெல்லாம் கருவியின் குறை. 'நல்ல கேமரா வாங்கியிருந்தா இந்தப் புலம்பலே இல்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காசியோ 2008இல் இஎக்ஸ்-எஃப்1 என்று ஒரு கேமரா கொண்டுவந்தது. 6 மெகாபிக்சலில் நொடிக்கு 60 படம். அதைவிட வேடிக்கை, பட்டனை முழுசாக அமுக்குவதற்கு முந்தின தருணங்களையும் பஃபரில் வைத்திருந்து கொடுக்கும். அதாவது நம்முடைய கை தாமதத்தை மன்னிக்கிற கேமரா. அது அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் 14ஐவிட நிறையப் படம் கிடைத்திருக்கும். நான் என்ன செய்திருப்பேன்? அதிலும் பளிச்சென்று இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்திருப்பேன். ஆகவே பிரச்சினை வேகத்தில் இல்லை.

நிக்கான் கூல்பிக்ஸ் வரிசையில் பெஸ்ட் ஷாட் செலக்டர் என்று ஒரு வசதி இருந்தது. 1999இல் வந்த கூல்பிக்ஸ் 950லேயே உண்டு. பட்டனை அமுக்கிப் பிடித்தால் 10 படம் வரைக்கும் எடுக்கும், அதில் ரொம்பத் தெளிவாக இருக்கிற ஒன்றை மட்டும் கார்டில் எழுதும். மிச்சத்தை நாம் பார்க்கவே முடியாது. கை நடுக்கத்துக்கு இது அருமையான மருந்து. மியூசியத்தில் ஃபிளாஷ் போடாமல் ஒரு கல்வெட்டை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் கல்வெட்டு அசையாது. ஆனால் இதையே ஆடுகிற மனிதர் மேல் திருப்புங்கள். பத்தில் எது தெளிவாக இருக்கும்? அவர் அசையாமல் நின்ற படம். அப்போ இந்த வசதி ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைத் தள்ளிவிட்டு ஆட்டம் நின்ற இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். நல்ல படம் என்றால் தெளிவான படம் என்று ஒரு முடிவு உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து செய்ததும் அந்த சிப் செய்ததும் ஒரே வேலைதான். சிப்புக்கு வேறு வழி தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சண்டை கேமரா அளவுக்குப் பழசு. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்பது கேள்வி. எழும்புகிறது. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி முன்னும் பின்னும் கால் நீட்டிக்கொண்டு அல்ல, நாலும் வயிற்றுக்கு அடியில் கூடியிருக்கும்போது. ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் காற்றில் கால் நீட்டிப் பறக்கும். அப்படி ஒரு நிலை குதிரைக்கு இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது.

இதற்கு சிற்பி ரோடான் சொன்ன பதில் முக்கியமானது. பால் க்ஸெல் என்பவருடன் நடந்த உரையாடல்கள் 1911இல் புத்தகமாக வந்தன. அதில் ரோடானின் வாதம் இதுதான்: உண்மை சொல்வது கலைஞன், பொய் சொல்வது புகைப்படம், ஏனென்றால் நிஜத்தில் நேரம் நிற்பதில்லை. ஜெரிக்கோவின் குதிரையில் பின்கால் ஒரு நொடியிலும் முன்கால் இன்னொரு நொடியிலும் இருக்கிறது, பார்க்கிற கண்ணுக்கு அதுதான் ஓட்டம். ரோடானை ரொம்ப நாள் நான் ஏற்கவில்லை. இன்ஜினியர் புத்தி, அளந்தது எதுவோ அதுதான் உண்மை. வாத்தியார் சிரித்த பிறகுதான் அந்த வாதத்தில் பாதியாவது சரி என்று தோன்றியது. என் படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்து ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

பாதிதான் சரி என்று சொல்லக் காரணம், மைபிரிட்ஜ் காட்டியது ஒரு படம் அல்ல, வரிசை. வரிசையில் பார்த்தால் ஓட்டம் தெரிகிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1878இல் குதிரை ஓடும் வழியில் குறுக்கே நூல் கட்டியிருந்தார், குதிரை நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கேமராவாக இயங்கியது. ஆகவே படங்களுக்கு நடுவில் தூரம் சமம், நேரம் சமம் என்று சொல்ல முடியாது. பிரான்சில் எதியென் ஜூல் மரே 1882இல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார், சுழலும் தட்டில் நொடிக்கு 12 படம். அங்கே படமெடுப்பது கடிகாரம். மைபிரிட்ஜிடம் குதிரை அமுக்கியது, மரேயிடம் கடிகாரம் அமுக்கியது, என்னிடம் பஃபர் அமுக்கியது. மூன்றில் ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவாதது என்னுடையதுதான்.

மைபிரிட்ஜ் பின்னால் 1887இல் 781 தகடுகளாக வெளியிட்ட தொகுப்பை மார்த்தா ப்ரான் என்ற ஆய்வாளர் நுணுக்கமாகப் பார்த்து, சில வரிசைகள் உண்மையான வரிசைகளே இல்லை, படங்களை இடம் மாற்றியும் சேர்த்தும் அடுக்கியவை என்று காட்டினார். நூறு வருஷம் கழித்து ஒருவர் அப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது என்றால், காரணம் படங்கள் இருந்தன.

இங்கேதான் என் விமர்சனத்தின் மையம். புகைப்படத்தில் 'தீர்மானமான தருணம்' என்று ஒரு வேதவாக்கு இருக்கிறது. ஹென்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோனின் 1952 புத்தகத்துக்கு அமெரிக்கப் பதிப்பில் வைத்த தலைப்பு அது. பிரெஞ்சுத் தலைப்பின் அர்த்தம் வேறு, அவசரத்தில் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் என்கிற மாதிரி. தலைப்பு மாறியதும் படம் எடுப்பது என்னவோ ஞானியின் ஒரே சொடுக்கு என்று ஆகிவிட்டது. தொடர் முறையைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கை வைத்துத்தான் திட்டுகிறார்கள்: அந்தக் காலத்தில் பெரியவர்கள் ஒன்றுதான் எடுத்தார்கள், இப்போது மெஷின் கன் மாதிரி சுடுகிறார்கள் என்று.

அது சரியில்லை. டொரோதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' உலகத்துக்கே தெரியும். அவர் அந்தத் தாயை ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடவில்லை. அரை டஜன் அளவுக்கு எடுத்தார். தூரத்திலிருந்து கூடாரத்தோடு ஆரம்பித்துக் கிட்டே கிட்டே போனது அந்த வரிசையில் தெரிகிறது. கோர்தா 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் சே குவேராவை எடுத்தது இரண்டு படம், ஒன்று கிடைமட்டம், ஒன்று செங்குத்து. ஊரெல்லாம் டி-ஷர்ட்டில் இருப்பது கிடைமட்டப் படத்தின் வெட்டிய துண்டு. பக்கத்தில் ஒரு மனிதரும் பனை ஓலையும் இருந்தது நமக்கு எப்படித் தெரியும்? நெகட்டிவ் இருக்கிறது.

அப்போ பெரியவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் எத்தனை எடுத்தோம் என்பதில் இல்லை, எத்தனையை வைத்துக்கொண்டோம் என்பதில் இருக்கிறது. ஃபிலிமில் 36 படமும் ஒரே சுருளில் இருக்கும். பிடிக்காததை மட்டும் தூக்கிப் போடுவது சிரமம், அதனால் தானாகவே தங்கிவிடும். பிறகு வருகிறவர் காண்டாக்ட் ஷீட்டைப் பார்த்து, 'நீ ஏன் இதை விட்டுட்டு அதை எடுத்தே?' என்று சண்டை போடலாம். டிஜிட்டலில் அழிப்பது எடுப்பதைவிடச் சுலபம். கேமராவிலேயே குப்பைத் தொட்டி பட்டன் இருக்கிறது. அழித்த பிறகு என் தேர்வோடு யாரும் சண்டை போட முடியாது. வாத்தியார் சண்டை போட வந்தார், அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது போன்களில் இது இன்னும் உள்ளே போய்விட்டது. ராத்திரியில் ஒரு தடவை தொட்டால் போன் வரிசையாகப் பல படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒரே படமாகக் கொடுக்கிறது. பார்க்க அழகு, இருட்டில் அபாரம். ஆனால் தனித்தனிப் படங்களை நமக்குக் காட்டாது. தொடர் முறை என்று தனியாக ஒன்றைப் போடவே வேண்டாம், எல்லாமே தொடர் முறைதான், தேர்வு மட்டும் நம் கையில் இல்லை. 2015இல் ஐபோனில் வந்த லைவ் ஃபோட்டோவைப் பலர் விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்தார்கள். எனக்கு அது ஒரு விதத்தில் நேர்மையானதாகப் பட்டது. தொட்ட நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடியைச் சேர்த்தே வைக்கிறது. மூச்சு வாங்குகிற கர்ணனுக்கு ஒன்றரை நொடி முன்னால் என்ன நடந்தது என்று அதில் தெரிந்திருக்கும்.

'வீடியோ எடுத்துட்டுப் போலாமே சார்' என்று நண்பர் ஒருவர் கேட்டார். இப்போது அதுவும் எடுக்கிறேன். ஆனால் அந்த விலைக்குக் கிடைத்த கேமராக்களின் அன்றைய வீடியோவில் கையின் விரல் பிடிப்பு, அரிதாரக் கோடு எதுவும் தெரியாது. இரண்டுக்கும் வேலை வேறு.

இப்போது நான் கடைப்பிடிப்பது, பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் ஒரு படத்தைக்கூட அழிப்பதில்லை. 400 படம் என்றால் ஒன்றரை ஜிபி, ஹார்டு டிஸ்கில் அது ஒரு செலவே இல்லை. கேமரா எழுதுகிற நேரக் குறிப்பு முழு நொடி வரைக்கும்தான், நொடியின் பின்னத்தை எழுத வேறு இடம் உண்டு, பல சின்ன கேமராக்கள் அதை எழுதுவதில்லை. அதனால் ஒரே நொடியில் விழுந்த படங்களின் வரிசை தெரிய ஃபைல் எண்தான் ஒரே சாட்சி, பெயரை மாற்றாதீங்க. பட்டனை அமுக்கும்போது என்ன பாட்டு, யார் ஆடுகிறார் என்று ஒரு வரி நோட்டில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் மேல், எது நல்ல படம் என்று நான் முதலில் முடிவு செய்வதில்லை. வரிசை மொத்தத்தையும் ஆடியவரிடம் காட்டுகிறேன். அவர்கள் காட்டுகிற படம் பெரும்பாலும் கலங்கல் படம்தான். 'இதுல பாருங்க, தோள் எப்படி வந்திருக்கு' என்பார்கள். பார்த்தால் எனக்கும் தெரிகிறது.

வாத்தியார் 2016இல் காலமாகிவிட்டார். கர்ணன் நுழையும்போது அவர் போட்ட அந்தச் சுற்று, தன் குருவிடம் கற்றதாகச் சொன்னது, அவர் ஜமாவில் இப்போது ஆடுகிற பையன்களுக்கு வரவில்லை. எப்படி இருந்தது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் போன வருஷம் கேட்டார். அந்தக் கார்டைப் பல தடவை ஃபார்மட் செய்து மேலே எழுதியாகிவிட்டது. மீட்கும் மென்பொருள் நாலு போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. 13 கலங்கல் படங்கள் இருந்திருந்தால் அந்தப் பையனுக்குப் போதுமா என்று தெரியாது, அலையாசிங் கணக்குப்படி போதாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பார்த்துவிட்டு 'போதாது' என்று சொல்லியிருப்பார், நான் சொல்ல வேண்டி வந்திருக்காது.

0851ஐ அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினேன். 'ஆட்டம் முடிந்து மூச்சு வாங்குகிறார், 2012 வைகாசி' என்று இருக்கிறது.